டிராக்டர் புல்வெட்டி வாங்குமுன்: குமரி மாவட்டத் தோப்புக்கும் மைதானத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

டிராக்டரில் மாட்டும் புல்வெட்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை அடி?" என்றுதான். அகலம் கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். புல்லுக்குள் என்ன கிடக்கிறது, வெட்டிய புல் மாட்டுக்குப் போகிறதா மண்ணுக்குப் போகிறதா, நிலம் எவ்வளவு சரிகிறது, டிராக்டரின் பி.டி.ஓ. (பின்னால் சுழன்று கருவியை இயக்கும் தண்டு) எவ்வளவு திறன் தருகிறது என்ற நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு அகலம் தானாகவே அமைந்துவிடும். இந்த வரிசையை மாற்றி வாங்கிய இயந்திரங்கள்தான் பிறகு தோப்பு ஓரத்தில் துருப்பிடித்து நிற்கின்றன.

முதலில் நிலத்தை நடந்து பாருங்கள்

குமரி மாவட்டத்தில் புல் தனியாக வளர்வதில்லை. தென்னந்தோப்பில் புல்லுக்கடியில் மட்டையும் கொதும்பும் (காய்ந்த பாளை) கதம்பையும் (தேங்காய் உரிமட்டை) விழுந்த தேங்காயும் கிடக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு விளைகளில் (தோட்ட நிலங்களில்) செம்புரைக்கல் தலை நீட்டிக்கொண்டிருக்கும். தோவாளைப் பக்கத்துச் சமவெளியில் கல் குறைவு, ஆனால் வரப்பும் வாய்க்காலும் அதிகம். மாடு கட்டி மேய்க்கும் நிலத்தில் முளைக்குச்சியும் அறுந்த நைலான் கயிறும் இருக்கும். சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பது புல் முழங்கால் உயரம் வந்த பிறகு உரிமையாளருக்கே மறந்துபோகும்.

புல் குட்டையாக இருக்கும் நாளில் நிலம் முழுவதும் நடந்து, நகர்த்த முடியாத கல், அடிக்கட்டை, வால்வு, மின்கம்பத்தின் இழுகம்பி எல்லாவற்றுக்கும் அருகில் ஆள் உயரத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். நகர்த்த முடிந்தவற்றை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் என்ன மிச்சம் இருக்கும் என்பதே இயந்திரத்தின் வகையைத் தீர்மானிக்கிறது.

சரிவையும் அப்போதே அளந்துவிடலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தின் ஒரு முனையை மேட்டில் வைத்து, மட்டம் பார்த்துப் படுக்கையாகப் பிடித்து, மறுமுனைக்குக் கீழே தரை எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 27 செ.மீ. இறங்கினால் அது 15 பாகை. அதற்கு மேல் சரிகிற இடத்தில் டிராக்டர் புல்வெட்டியை மறந்துவிடுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர்த் தோட்டச் சரிவுகளுக்குத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் பொருத்தம். ரப்பருக்கிடையே மூடுபயிராக வளர்க்கும் கொடிகள் சுழலும் எந்தத் தண்டிலும் சுற்றிக்கொள்ளும் என்பதும் இன்னொரு காரணம்.

வகைகள்: எது எதற்கு

*ரோட்டரி ஸ்லாஷர்.* தரைக்கு இணையாகச் சுற்றும் இரண்டு அல்லது நான்கு தடித்த கத்திகள், நடுவில் ஒரே கியர்பாக்ஸ். கத்திகள் போல்ட்டில் தளர்வாகத் தொங்குவதால் கல்லிலோ அடிக்கட்டையிலோ பட்டால் பின்வாங்கி ஒதுங்கிவிடும். கத்தி மாட்டிய வட்டத் தட்டு தடையின்மேல் வழுக்கி ஏறிக் கடக்கும். முரட்டுப் புல்லுக்கும் விரல் தடிமன் செடிக்கும் ஏற்றது. வெட்டு சீராக இருக்காது, புல் வரிசையாகக் குவிந்து கிடக்கும். தென்னந்தோப்புக்கும் பராமரிப்பில்லாத மேய்ச்சல் நிலத்துக்கும் இதுவே முதல் தேர்வு.

*ஃபிளெயில் மோவர்.* படுக்கையான உருளையில் சிறு கத்திகள் வரிசையாகத் தொங்கும். உருளை பொதுவாக நிமிடத்துக்கு 1,800 முதல் 2,200 சுற்று சுற்றும். புல்லைப் பொடியாக்கிச் சமமாகப் பரப்பிவிடும். கல் தெறிப்பதும் ஸ்லாஷரைவிட மிகக் குறைவு. பள்ளி, ஆலய வளாகம், சாலையோரம் என்று ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு இதைத்தான் உறுதியாகச் சொல்லலாம். ஒய் வடிவக் கத்தி புல்லுக்கு, சுத்தியல் வடிவக் கத்தி குச்சிக்கும் மட்டைக்கும். கதம்பை நாரும் கயிறும் உருளையின் இரு முனை பேரிங்கிலும் சுற்றி, சூட்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை உருக்கிவிடும் என்பதுதான் இதன் பலவீனம். தேங்காய் உரித்துக் கதம்பையை அங்கேயே போடும் தோப்பில் இதை ஓட்டாதீர்கள்.

*ஃபினிஷிங் மோவர்.* மூன்று தண்டுகளில் மூன்று கத்திகள், பெல்ட் இயக்கம், நான்கு மூலையிலும் சக்கரம். கல்லூரி மைதானம், விருந்தினர் விடுதிப் புல்வெளி போன்ற மட்டமான, கல்லில்லாத இடத்துக்கு மட்டும். கத்தி விறைப்பாகப் பூட்டப்பட்டிருப்பதால் ஒரு கல் பட்டாலே தண்டு வளையும். புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்ற விதி இங்கே கட்டாயம். 6 செ.மீ. புல்லை 4 செ.மீ.க்கு இறக்கலாம். 15 செ.மீ. வளரவிட்டு 4-க்கு இறக்கினால் புல் வெளுத்துப்போகும், வெற்றிடத்தில் களை ஏறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறை வெட்ட முடியாதவர் இதை வாங்குவதில் பயனில்லை.

*சிக்கிள் பார், டிரம் மோவர்.* மாட்டுக்குத் தீவனமாகப் புல் வேண்டுமென்றால் இவை இரண்டுதான். ஸ்லாஷரும் ஃபிளெயிலும் புல்லை நொறுக்கி மண்ணோடு கலந்துவிடும். கீழே கிடக்கும் கம்பித் துண்டையும் சேர்த்து அரைத்துவிடும். அந்தக் கம்பி மாட்டின் வயிற்றில் போய்க் குத்தினால் மாடே போய்விடும். சிக்கிள் பார் கத்தரிபோல் அடியில் வெட்டிப் புல்லைப் படுக்க வைக்கும். மிகக் குறைந்த திறனே போதும், ஆனால் கல்லில் பட்டால் கத்திப் பல் உடையும், ஈரப்புல் அடைத்துக்கொள்ளும். டிரம் மோவர் அடைத்துக்கொள்ளாது, வேகமாக ஓடும். எடை அதிகம், அதுவும் ஒரு பக்கமாகவே தொங்கும் என்பதால் சிறிய டிராக்டருக்கு ஆகாது.

கம்பு நேப்பியர் கோ-4, கோ-5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. அந்த உயரத்தில் அது தூர் கட்டிய தண்டு, மேய்ச்சல் புல் அல்ல. தினமும் நாலைந்து மாட்டுக்கு வேண்டியதை மட்டும் அறுப்பவருக்கு அரிவாளோ பிரஷ் கட்டரோ போதும். டிராக்டர் சக்கரம் தூரின்மேல் ஏறி ஏறி மறுதாம்பைக் கெடுப்பதுதான் மிச்சம்.

தொங்குவதா, இழுபடுவதா

மூன்று புள்ளி இணைப்பில் (டிராக்டரின் பின்னால் உள்ள இரண்டு கீழ் லிங்க், ஒரு டாப் லிங்க்) தூக்கி நிறுத்துவது ஒரு வகை, கொக்கியில் மாட்டித் தன் சக்கரத்திலேயே இழுபட்டு வருவது இன்னொரு வகை. இழுபடும் வகைக்கு டிராக்டர் லிஃப்ட்டின் பலம் தேவையில்லை, மேடுபள்ளத்தில் வெட்டும் உயரமும் சீராக இருக்கும். ஆனால் திரும்ப அகலமான இடம் வேண்டும், ரிவர்ஸ் எடுப்பது சிரமம். ஐம்பது சென்ட், எழுபது சென்ட் என்று வேலிபோட்டுப் பிரிந்து கிடக்கும் நம் விளைகளுக்கும் குறுகிய தெருவழி போக்குவரத்துக்கும் தூக்கி நிறுத்தும் வகையே ஒத்துவரும். ஒரே மறிப்பில் பத்து ஏக்கருக்கு மேல் திறந்த நிலமோ பெரிய விளையாட்டு மைதானமோ இருந்தால் மட்டும் இழுபடும் வகையை யோசிக்கலாம்.

டிராக்டரின் திறன்: விளம்பர எண்ணை நம்பாதீர்கள்

பானெட்டில் எழுதியிருப்பது இன்ஜின் குதிரைத்திறன். புல்வெட்டிக்கு வந்து சேர்வது பி.டி.ஓ. திறன். அது ஏறத்தாழ 85 சதவீதம். 24 எச்.பி. மினி டிராக்டரில் 20, 45 எச்.பி. டிராக்டரில் 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் ஒவ்வொரு மாடலுக்கும் வெளியிடும் பரிசோதனை அறிக்கையில் பி.டி.ஓ. திறனும் லிஃப்ட் திறனும் அளந்து எழுதப்பட்டிருக்கும். டீலரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓர் அடி அகலத்துக்கு வேண்டிய பி.டி.ஓ. திறன்: ஸ்லாஷருக்குச் சாதாரணப் புல்லில் 5, முரட்டுப் புதரில் 7 வரை. ஃபிளெயிலுக்கு 6 முதல் 8. ஃபினிஷிங் மோவருக்கு 4 முதல் 5. அப்படியானால் 24 எச்.பி. மினி டிராக்டருக்கு 4 அடி ஸ்லாஷர், அல்லது 3 அடி ஃபிளெயில். "5 அடியும் இழுக்கும் அண்ணே" என்று கடையில் சொல்வார்கள். கோடையில் காய்ந்த புல்லில் இழுக்கும். ஆனி, ஆடியில் ஈரம் ஏறிய கினியாப் புல்லில் இன்ஜின் சுற்று இறங்கும், சுற்று இறங்கினால் கத்தி புல்லை அறுக்காமல் படுக்க வைத்துவிட்டுப் போகும்.

அகலம்

இரண்டு எல்லைகள். மேல் எல்லை, மேலே சொன்ன திறன் கணக்கு. கீழ் எல்லை, டிராக்டரின் பின்சக்கர வெளிவிளிம்பு. புல்வெட்டி அதைவிடக் குறுகலாக இருந்தால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் இரண்டு கோடாக நிற்கும். மினி டிராக்டரின் வெளி அகலம் சுமார் 1.1 முதல் 1.2 மீட்டர், 4 அடி ஒத்துவரும். 45 எச்.பி. டிராக்டர் 1.7 மீட்டருக்கு மேல் போகும், 6 அடி வேண்டும்.

வேலை வேகத்தை இப்படிக் கணக்கிடுங்கள். 5 அடி, அதாவது 1.5 மீட்டர் ஸ்லாஷரில் ஓர் ஓட்டம் அடுத்த ஓட்டத்தின்மேல் ஏறுவதற்குப் பத்து சதவீதம் போனால் 1.35 மீட்டர். மணிக்கு 4 கி.மீ. ஓட்டினால் 5,400 சதுர மீட்டர். திரும்புவது, நிறுத்துவது, அடைப்பு எடுப்பது போக 75 சதவீதம் மிஞ்சும்: 4,050 சதுர மீட்டர். ஒரு மணிக்கு ஓர் ஏக்கர். 4 அடிக்கு இதே கணக்கில் 80 சென்ட்.

தென்னந்தோப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. 25 அடி, அதாவது 7.5 மீட்டர் இடைவெளியில் நட்டு, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் தடம் (மரத்தடி வட்டப் பாத்தி) விட்டால், இரண்டு தடத்துக்கு நடுவே 3.9 மீட்டர் பாதை கிடைக்கும். 5 அடி இயந்திரம் அதை மூன்று ஓட்டத்தில் முடிக்கும். 6 அடி இரண்டு ஓட்டத்தில் 3.5 மீட்டர்தான் தொடும், மிச்சத்துக்கு மூன்றாவது ஓட்டம் போகத்தான் வேண்டும். 4 அடிக்கு நான்கு ஓட்டம். ஆக, இந்த இடைவெளியில் 6 அடி வாங்கி நேரம் மிச்சப்படாது. மரத்துக்கு மரம் உள்ள இடைவெளிக்காகக் குறுக்கிலும் ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டை தாழ்ந்து தொங்கும் இளந்தோப்பில் ஓட்டுபவர் முகத்தில் அடிபடாமல் போக முடியுமா என்பதை டிராக்டரை வெறுமனே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இணைப்பு பொருந்துகிறதா

ஊசி (பின்) அளவு: மூன்று புள்ளி இணைப்பு அளவுவாரியாகக் கேட்டகரி என்று பிரிக்கப்படும். கேட்டகரி 1 இணைப்பில் கீழ் ஊசி 22 மி.மீ., மேல் ஊசி 19 மி.மீ. கேட்டகரி 2-இல் 28, 25. பெரிய துளையில் சிறிய ஊசியை அப்படியே மாட்டினால் ஆட்டம் கொடுத்துத் துளை முட்டை வடிவமாகிவிடும். உரிய புஷ் போடுங்கள்.

பி.டி.ஓ. வேகம்: பெரும்பாலான புல்வெட்டிகள் 540 சுற்றுக்கானவை, 1⅜ அங்குல ஆறு பல் தண்டு. சில மினி டிராக்டர்களில் 750 அல்லது அதையொட்டிய இரண்டாவது வேகமும் உண்டு. 540-க்கான ஸ்லாஷரை 750-இல் ஓட்டினால் கத்தி ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றும். கத்தியே கழன்று பறக்கும் ஆபத்து அது. அந்த லீவரை ஓட்டுநருக்குக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கிளட்ச்: இது பலர் கேட்காமல் விடும் கேள்வி. ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் கிளட்சை மிதித்தாலும், சுழலும் கனமான கத்தி தன் வேகத்தைக் கியர்பாக்ஸ் வழியே சக்கரத்துக்குக் கொடுத்து டிராக்டரை முன்னே தள்ளும். நிறுத்தினோம் என்று நினைத்த வண்டி வேலியிலோ குளத்திலோ போய் நிற்கும். இரட்டைக் கிளட்ச் அல்லது தனி பி.டி.ஓ. இல்லாத வண்டியென்றால் ஓவர்ரன்னிங் கப்ளர் (கத்தியின் வேகம் டிராக்டருக்குத் திரும்பாமல் தடுக்கும் இணைப்பு) கட்டாயம் மாட்ட வேண்டும். கப்ளர் போட்டால் தண்டின் நீளம் கூடும், அந்த அளவுக்குத் தண்டை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

எடை: 5 அடி ஸ்லாஷர் 250 முதல் 300 கிலோ வரை வரும், ஃபிளெயில் அதைவிடக் கனம். லிஃப்ட் தூக்குகிறது என்பது போதாது. புல்வெட்டி தூக்கிய நிலையில் வண்டியின் மொத்த எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் லேசானால் முன்னால் எடைக்கட்டி போடுங்கள்.

கடையில் புரட்டிப் பார்க்க வேண்டியவை

மேல்தகடு எத்தனை மி.மீ. என்று விளிம்பில் அளந்து பாருங்கள், வெல்டிங் விட்டு விட்டு வைத்திருக்கிறார்களா தொடர்ச்சியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். முன்னும் பின்னும் சங்கிலித் தடுப்பு உண்டா? இல்லாத ஸ்லாஷரை வாங்க வேண்டாம். பாதுகாப்பு ஷியர் போல்ட்டா (கத்தி சிக்கினால் தானே உடையும் போல்ட்), ஸ்லிப் கிளட்ச்சா (சிக்கினால் வழுக்கிவிடும் தகடுகள்)? கல் அதிகமுள்ள விளைக்கு ஸ்லிப் கிளட்ச் நல்லது. ஷியர் போல்ட் என்றால், உடைந்ததும் கையில் கிடைத்த உயர்தர போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு போல்ட்டுக்குப் பதில் கியர்பாக்ஸ் உடையும். குறிப்பிட்ட தரத்தில் பத்துப் போல்ட்டை அப்போதே வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

கத்தி, பேரிங், எண்ணெய்ச் சீல் ஆகியவற்றின் எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நாகர்கோவில் பேரிங் கடையில் அந்த எண் கிடைக்குமென்றால் கவலையில்லை. மழைக்காலத்தின் நடுவில் உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருந்தால் புல் இடுப்பு உயரம் வந்துவிடும்.

பழைய இயந்திரம் என்றால், கத்தியைப் பிடித்து வட்டத் தட்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. கியர்பாக்ஸ் அடியில் எண்ணெய்க் கசிவு, கத்தி போல்ட் துளையின் தேய்மானம், கத்தியில் வெல்டிங் வைத்த அடையாளம் மூன்றையும் பாருங்கள். வெல்டிங் வைத்த கத்தி வெட்டுக்கிடையில் துண்டாகும்.

மானியம் வேண்டுவோர் பணம் கட்டுவதற்கு முன்பே உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்டு, அந்த மாடல் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. இரண்டு ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கு, வாடகைக்கு அமர்த்துவதுதான் கணக்கில் சரியாக வரும்.

மாட்டி மட்டம் பார்ப்பது

1. மட்டமான தரையில் கீழ் லிங்க் இரண்டையும் மாட்டி, பிறகு டாப் லிங்க். பக்கச் சங்கிலியை இறுக்கி, ஆட்டம் ஓரிரு அங்குலத்துக்குள் இருக்குமாறு வையுங்கள்.

2. பி.டி.ஓ. தண்டை மாட்டுமுன் இரண்டு பாதியையும் தனித்தனியே இரு முனையிலும் கோத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புல்வெட்டியை ஏற்றி இறக்கும்போது தண்டு மிகக் குறுகும் இடத்தில் 25 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். வேலை செய்யும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளமானால் இரண்டு குழாயையும் இரண்டு உறையையும் ஒரே அளவு அறுத்து, பிசிறு தேய்த்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். நீளத் தண்டை அப்படியே மாட்டி லிஃப்ட்டைத் தூக்கினால் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையே குத்தி உடைத்துவிடும்.

3. இடவலம் மட்டம்: வலப்பக்கத் தூக்குக் கம்பியின் திருகால் சரிசெய்யுங்கள்.

4. முன்பின் மட்டம்: ஸ்லாஷரில் முன் விளிம்பு பின்னதைவிட 1 முதல் 2 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். வெட்டு சுத்தமாக விழும், டீசலும் குறையும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டிய புல்லையே மறுபடி மறுபடி அடித்து இன்ஜினை இழுக்கும். ஃபினிஷிங் மோவர் ஏறக்குறைய மட்டமாகவே இருக்கட்டும்.

5. உயரம்: தோப்பில் 8 முதல் 10 செ.மீ., மேய்ச்சல் புல்லில் 10 செ.மீ.க்குக் குறையாமல், மைதானத்து அருகம்புல்லில் 3 முதல் 4 செ.மீ.

6. கியர்பாக்ஸில் அளவுத் துளை வரை கியர் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் 90 நம்பர். புது இயந்திரம் எண்ணெயில்லாமலே வந்து இறங்குவது உண்டு.

ஓட்டும்போது

குறைந்த சுற்றில் பி.டி.ஓ.வை இணைத்து, பிறகு ஆக்சிலரேட்டரை ஏற்றி 540-க்குக் கொண்டுவந்து, அதன்பிறகே புல்லில் இறங்குங்கள். புல் அடர்ந்தால் கியரை இறக்குங்கள், ஆக்சிலரேட்டரைக் குறைக்காதீர்கள். புல் இடுப்பளவு இருந்தால் முதல் தடவை உயர்த்தி வெட்டி, இரண்டாம் தடவை இறக்கி வெட்டுங்கள். சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது.

மழைக்குப் பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் இறங்கலாம். உருண்டை அப்படியே நின்றால் ஒரு நாள் பொறுங்கள். சக்கரம் பதிந்த தடம் கோடை முழுவதும் இறுகிக் கிடக்கும்.

540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்த நிலையில் சாரமோ (லுங்கி) துண்டோ அதில் பட்டால், ஆள் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உறை உடைந்தால் வேலை அன்றைக்கு நிற்கட்டும். ஸ்லாஷர் ஓடும்போது 90 மீட்டருக்குள் ஆளோ மாடோ வேண்டாம். கத்தியில் சிக்கிய முற்றிய தேங்காய்த் துண்டு கல்லைப் போலவே பாயும். அடைப்பு எடுக்க இறங்கினால் பி.டி.ஓ. நிறுத்தி, இன்ஜின் அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, கத்தி முழுவதும் நிற்கும்வரை காத்திருங்கள். அடியில் கை வைக்குமுன் கட்டை முட்டுக் கொடுங்கள், லிஃப்ட்டை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

கோளாறும் காரணமும்

திடீரென அதிர்வு: ஒரு கத்தி உடைந்திருக்கும், அல்லது வட்டத் தட்டில் கயிறு சுற்றியிருக்கும். ஸ்லாஷர் கத்தியை எப்போதும் சோடியாகவே மாற்றுங்கள், எடை சமமாக இருக்கட்டும். ஃபிளெயிலில் ஒன்று போனால் எதிர்ப்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து மாற்றுங்கள்.

புல் கிழிந்த முனையோடு நிற்கிறது: கத்தி மழுங்கியிருக்கும், அல்லது சுற்று குறைவு. ஸ்லாஷர் கத்தியைச் சவரக்கத்திபோல் தீட்டக் கூடாது. முனையில் ஒன்றரை மி.மீ. தடிமன் விட்டு, பழைய சாய்விலேயே தீட்டுங்கள். கூராக்கினால் முதல் கல்லிலேயே பல்விழும். ஃபினிஷிங் மோவர் கத்தி மட்டும் கூர்மையாக வேண்டும்.

வட்டத் தட்டு தளர்வு: கியர்பாக்ஸ் அடியில் உள்ள பெரிய நட் முதல் சில மணி நேரத்தில் இளகும். முதல் ஒரு மணி ஓட்டியதும் அதையும் கத்தி போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தண்டின் பற்கள் வழித்துப்போய், கியர்பாக்ஸையே கழற்ற வேண்டிவரும்.

ஸ்லிப் கிளட்ச் வழுக்கவே இல்லை: நம் ஊர்க் காற்றில் இது அடிக்கடி நடக்கும். மாதக்கணக்கில் சும்மா நின்றால் தகடுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும், கல்லில் பட்டால் அதிர்ச்சி முழுவதும் டிராக்டருக்குப் போகும். பருவத்துக்கு முன் ஸ்பிரிங் நட்டுகளின் இடத்தைப் பெயின்டால் குறித்துக்கொண்டு, சமமாகத் தளர்த்தி, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி ஓட்டிக் கிளட்சை வழுக்கவிட்டு, ஆறியபின் பழைய குறிக்கே இறுக்குங்கள்.

உப்புக்காற்றில் காப்பது

குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை கடலோர ஊர்களில் ஒட்டிய ஈரப்புல்லும் உப்பும் சேர்ந்து அடித்தகட்டை வெகு சீக்கிரம் தின்றுவிடும். வேலை முடிந்த அன்றே அடியில் ஒட்டியதைச் சுரண்டி, நன்னீரில் கழுவுங்கள். கிணற்றுநீர் உவர்ப்பாக இருந்தால் குழாய் நீரோ மழைநீரோ பயன்படுத்துங்கள். கழுவியதும் இரண்டு நிமிடம் காலியாகச் சுற்றவிட்டால் நீர் சிதறிக் காயும். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பி.டி.ஓ. தண்டின் குறுக்கு மூட்டுகளுக்கும் குழாய்க்கும் கிரீஸ். பேரிங்கிலும் தண்டிலும் சுற்றிய நாரை அன்றன்றே அறுத்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து கடைசி வெட்டையும் போட்ட பிறகு, பெயின்ட் உரிந்த இடத்தில் துருவைத் தேய்த்து பிரைமர் அடித்து, பெல்ட்டைத் தளர்த்தி, கட்டைமேல் தூக்கி, கூரைக்குள் வையுங்கள். ஸ்லிப் கிளட்ச் ஸ்பிரிங்கைத் தளர்த்தியே வைத்தால் தகடு ஒட்டாது. அடுத்த முறை மாட்டுமுன் குறிக்கு இறுக்க வேண்டும் என்று தண்டிலேயே ஒரு அட்டை கட்டிவிடுங்கள்.